பன்னிருவர் பார்த்த தோட்டம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும், பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் இட்டு ஆள் எடுத்த குடவோலை முறையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அந்தச் சுவரில் தேடுவது தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட குழுவான தோட்ட வாரியத்தை. அங்குள்ள கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடும்பு என்ற ஊர்ப்பகுதிக்கு ஒருவராகக் குடத்திலிருந்து வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழு, 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். சம்வத்சர வாரியத்துக்கு யாரை எடுப்பது? கற்றவர்கள், வயதில் மூத்தவர்களோடு, முன்பு தோட்டமும் ஏரியும் பார்த்தவர்களை எடுக்கச் சொல்கிறது கல்வெட்டு. தோட்டம் பார்த்த கைக்கு அவ்வளவு மதிப்பு.

தோட்டம் என்றதும் எனக்கு வெற்றிலைதான் நினைவுக்கு வரும். சோழர் காலக் கோயில்களில் சாமிக்கு அடைக்காயமுதும் இலையமுதும் உண்டு. பாக்கும் வெற்றிலையும்தான். பாக்கைச் சேர்த்து வைக்கலாம். இலையைப் பச்சையாகக் கிள்ளித்தான் வர வேண்டும். அப்படியானால் நீரும் நிழலும் குறையாத கொடிக்கால் ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

வெற்றிலை நம் வெயிலுக்குப் பிறந்த கொடி அல்ல. மிளகின் இனம், மலேயாப் பக்கத்து ஈரக்காட்டு மரத்தடிதான் அதன் தாய்வீடு என்கிறார்கள் தாவரவியலார். நம் வெட்டவெளியில் அதை வளர்க்க, முதலில் ஒரு சின்னக் காட்டை உண்டாக்க வேண்டும். அதற்குத்தான் அகத்தி. விதை ஊன்றி, அகத்தி நிழல் கொடுக்கத் தொடங்கிய பிறகே கொடியை நடுவார்கள்.

எங்கள் கிணற்றடியில் கொடி வைத்தவர் என் மாமியார். "ஈரம் காயக் கூடாது, தண்ணி நிக்கவும் கூடாது" என்பார். கொடித் துண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும். மேலே வருகிற கணுவெல்லாம் பொடி வேர் விட்டு அகத்திப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காததை வாழைநாரால் தளர்த்திக் கட்டுவோம். கத்திரி வெயிலில் அகத்திக் கிளை ஒன்றை வெட்டிவிட்டால் போதும், இலை விளிம்பு கருகிவிடும். ஐப்பசி மழையில் அதே நிழல் ஆகாது. கிளையைக் கழித்து வெளிச்சம் விட வேண்டும். செருப்புக் காலோடு யாரையும் கொடியருகே விடமாட்டார்; லட்சுமி இருக்கிற இடம் என்பார். கொடியை அழுகவைக்கும் வாடல் நோய் மண்ணோடும் நீரோடும் பரவுவது என்று பிற்பாடு படித்தபோது, அந்தக் கண்டிப்பின் அருமை எனக்குப் புரிந்தது.

தோட்டத்துக்கு நீர் வேண்டும் என்றால் ஏரி வேண்டும். உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பெயர் பெற்றது. செய்யாற்றில் அனுமன்தண்டலம் அணைக்கட்டிலிருந்து அதற்குத் தண்ணீர் வருகிறது. நெல்லுக்கு ஒரு போகத் தண்ணீர் போதும். கொடிக்கு கோடையிலும் வேண்டும். ஏரி வற்றினால் தோட்டம்தான் முதலில் வாடும். தோட்ட வாரியத்தையும் ஏரி வாரியத்தையும் ஒரே கல்லில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

வாரியத்தின் காலம் 360 நாள். வாரியம் செய்தவர் பெயர் மூன்றாண்டுக்குக் குடத்தில் விழாது. வெற்றிலைக் கொடியோ, நட்டு ஆறு மாதம் போலத்தான் கிள்ளக் கொடுக்கும். பிறகு சில ஆண்டுகள் நின்று கொடுக்கும். அப்படிப்பட்ட தோட்டத்தில் ஒருவர் நட்டதை அடுத்து வந்தவர்தான் முழுதாக அனுபவித்திருப்பார். ஆனாலும் பதவி முடிந்தவர் கணக்குக் காட்டியாக வேண்டும். காட்டாதவர் பெயரோடு அவர் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்கு வெளியேதான்.