நான்கு எழுத்துப் பூட்டு

1994 டிசம்பர் 3ஆம் திகதி சோனியின் முதலாவது பிளேஸ்டேஷன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் இறுவட்டுகளில் ஒரு மறைவான பூட்டு இருந்தது. வட்டின் தொடக்கத் தடத்திலே நுண்ணிய அசைவாக நான்கு எழுத்துகள் பதிக்கப்பட்டிருந்தன: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. வீட்டுக் கணினியில் பிரதி எடுத்தால் அந்த அசைவு பதிவாகாது; இயந்திரம் வட்டை ஏற்காது.

இது திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு மட்டுமே என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஆனால், ஜப்பானில் காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டையும் ஐரோப்பிய இயந்திரம் மறுத்தது. பூட்டு எல்லைக் காவலும் செய்தது.

அதைத் திறந்தது மொட்சிப் என்னும் சில்லு. முதலில் பயன்பட்டவற்றுள் ஒன்று 18 கால்கள் கொண்ட பிக் 16சி84; அதை அழித்து மீள எழுதலாம். பின்னர் பரவலான பிக் 12சி508 இற்கு 8 கால்களே. 512 கட்டளைகளே அதில் அடங்கும். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாது. நிரலில் பிழை நேர்ந்தால் சில்லு குப்பைக்குத்தான். அதன் வேலை, அந்த நான்கு எழுத்துகளை இயந்திரத்திற்கு ஓதுவது. விளையாட்டுகள் சில்லைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியதும், ஓதி முடித்து மௌனமாகும் நிரல்கள் வந்தன.

வழக்கு அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை சென்றது. அப்பூட்டு பிரதியெடுப்பதைத் தடுக்கவில்லை, பிரதியை இயக்குவதையே தடுத்தது. ஆகவே அன்றைய சட்டப்படி சில்லு குற்றமன்று என 2005 ஒக்டோபர் 6ஆம் திகதி அது தீர்ப்பளித்தது. 2006இல் சட்டம் இறுக்கப்பட்டது. அப்போதும், வெளிநாட்டில் வாங்கிய அசல் விளையாட்டைத் தடுக்கும் எல்லைப் பூட்டுக்குப் பாதுகாப்பு வழங்கப்படவில்லை.

திருடுவது வேறு, வாங்கிய பொருளைப் பயன்படுத்துவது வேறு. அந்த வேறுபாட்டைச் சட்டம் எழுதிவைக்க, ஒரு சிறுவர் விளையாட்டுப் பெட்டி தேவைப்பட்டது.