தக் - ஒரு தெருச்சொல்லின் கதை

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் 'தக் லைஃப்' சர்வசாதாரணமாக வருகிறது. யாராவது சுடச்சுட பதிலடி கொடுத்தால் தக் லைஃப். 2025ல் மணிரத்னம் - கமல் படத்துக்கே அதுதான் பெயர். "தக்னா கெத்துதானே அங்கிள்?" என்கிறார்கள்.

நான் குப்பை கொட்டுவது ஜபல்பூரில். இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனதில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. இந்தியில் அது 'டக்'. வெறும் ஏமாற்றுக்காரன்தான். காய்கறிக்காரர் விலையை ஏற்றிவிட்டால் இன்றும் 'டக் லியா' என்று புலம்புவார்கள். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை.

1830களில் ஸ்லீமன் என்ற கம்பெனி அதிகாரி, வழிப்போக்கர்களோடு சிநேகமாகப் பேசி, கூடவே நடந்து, துணியால் கழுத்தை நெரித்துக் கொன்ற கூட்டங்களை இங்கிருந்துதான் வேட்டையாடினார். அவர்களுடைய ரகசியப் பேச்சுக்கு 1836ல் அகராதியே போட்டார். 1839ல் மெடோஸ் டெய்லரின் நாவல் வந்தது. அதோடு ஏமாற்றுக்காரன் லண்டனில் கொலைகாரன் ஆகிவிட்டான். பிரெஞ்சில் 1844-45ல் யூஜின் சூவின் தொடர்கதையிலும் தக்கர்கள் வந்தார்கள். அங்கே அவர்கள் 'எத்ராங்லர்', அதாவது கழுத்தை நெரிப்பவர்.

இன்றைய ஆங்கில 'தக்'கை பிரெஞ்சில் ஒரே சொல்லில் அடக்க முடியாது. தெரு ரவுடி என்றால் 'வுவாயு'. சாலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கூலிக்கு அடிப்பவன் 'ஓம் து மேன்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கை-ஆள். நம்ம 'கையாள்' அப்படியே! ஊர்வலத்தில் கண்ணாடி உடைப்பவன் 'காசேர்'. இன்னொன்று 'ரக்காய்'. 2005ல் உள்துறை அமைச்சர் சார்கோசி பாரிஸ் புறநகர் இளைஞர்களைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். 2015ல் பால்டிமோர் கலவரத்தின்போது ஒபாமா 'தக்' என்றதற்கும் எதிர்ப்பு. கறுப்பின இளைஞர்களைக் குத்த அது மறைமுகச் சொல் ஆகிவிட்டது என்றார்கள். டூபாக் ஷகூர் 1990களில் அதே சொல்லை வயிற்றில் பச்சை குத்திக்கொண்டு பெருமையாகத் திருப்பிப் போட்டிருந்தார். பிள்ளைகளின் கெத்து அங்கிருந்து வந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. கொலைகள் நடந்தது உண்மைதான். ஆனால் 1836 சட்டத்தின்படி ஒருவர் கொலை செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றாலே ஆயுள் தண்டனை. தக் என்றால் யார் என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை! 1871ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பிறப்பையே குற்றமாக்கியது. 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த கள்ளர்களை 1920 ஏப்ரலில் போலீஸ் சுட்டது.

ஜபல்பூரிலிருந்து கட்னி போகிற வழியில் ஸ்லீமனாபாத் என்று ஒரு ஊர் வருகிறது. அந்த ஸ்லீமன் பெயர்தான்.