நடக்கும் யந்திரத்தின் ஜீவனம்

காலூன்றி நடக்கும் ரோபோக்களாலும் ஆளின்றிப் பறக்கும் ட்ரோன்களாலும் கண்காட்சியில் கூட்டம் சேர்ப்பதைத் தவிர வேறு பிரயோஜனம் உண்டா, அவற்றை வாங்கியவன் போட்ட முதலைத் திரும்ப எடுக்க இயலுமா என்ற கேள்வியை இக்காலத்துக்கே உரிய புதுக் கேள்வியாகப் பலரும் எழுப்புகிறார்கள். ஆனால் நடக்கும் யந்திரம் தன் ஜீவனத்தைத் தானே தேடிக்கொள்ளத் தொடங்கி நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. அது பிறந்த இடமும் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிசாலை அன்று, அமெரிக்காவில் கால்வாய் வெட்டியவர்களின் சேற்று நிலம்.

1904-ஆம் ஆண்டில் சிக்காகோ வட்டாரத்தில் கால்வாய் வெட்டும் குத்தகையில் ஈடுபட்டிருந்த ஜான் பேஜ் என்பவர், நீண்ட கைமரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் வாளியைத் தூரத்தில் இறக்கி, மற்றொரு வடத்தால் அதைத் தன் பக்கம் இழுத்து மண்ணை அள்ளும் யந்திரம் ஒன்றை அமைத்தார். சுரங்கத் தொழிலாளர் இன்றும் ட்ராக்லைன் என்று சொல்வது இதன் வம்சத்தைத்தான். அள்ளுவதில் அது கெட்டிக்கார யந்திரம்; இடம் பெயர்வதிலோ அதைப்போல் தொல்லை கொடுத்தது வேறொன்றில்லை. நின்ற இடத்தில் எட்டியமட்டும் அள்ளி முடித்துச் சிறிது பின்வாங்க வேண்டுமானால், ஆட்கள் பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் உருளைகளை வைத்து, அத்தனை பாரத்தையும் சிறுகச் சிறுக உருட்ட வேண்டும். சக்கரங்களை மாட்டினால் பாரம் முழுவதும் சில சிறிய இடங்களின்மேல் இறங்கி யந்திரமே புதைந்துபோகும். தண்டவாளம் போட்டாலோ அதைப் போடுவதற்கும் பெயர்ப்பதற்கும் ஆகும் கூலி லாபத்தைத் தின்றுவிடும்.

இந்தத் துன்பத்தை 1913-இல் தீர்த்தவர் சிக்காகோவின் மோனிகன் கம்பெனியைச் சேர்ந்த எஞ்சினீயர் ஆஸ்கார் மார்ட்டின்சன். அவர் யந்திரத்தின் இரு பக்கங்களிலும் நீளமான பாதங்கள் இரண்டைப் பொருத்தினார். அள்ளும் வேளையில் அவை தரையைத் தொடாமல் உயர்ந்து நிற்க, யந்திரம் அகன்ற வட்டமான அடித்தட்டின்மேல் அமர்ந்திருக்கும். பாரம் பரவி இறங்குவதால் ஈர மண்ணும் அதைத் தாங்கும். நகர வேண்டிய நேரத்தில், மையம் விலகிச் சுழலும் ஓர் அமைப்பு அப்பாதங்களைக் கொண்டுவந்து தரையில் ஊன்ற, வயதான ஒருவர் இரு கைகளையும் தரையில் ஊன்றி உடலைத் தூக்கிச் சற்றுத் தள்ளி உட்காருவது போல, யந்திரமும் எழும்பி ஓர் எட்டு பின்னே போய் மறுபடி அமரும். எந்தப் பிராணியின் நடையையும் பார்த்து அவர் இதை அமைக்கவில்லை. பலகை பரப்பும் ஆட்களின் கூலியும், அவர்கள் பரப்பி முடிக்கும்வரை வேலை நின்று கிடக்கும் நேரமும் மிச்சமாக வேண்டும் என்பதே அவருக்கு முன்னிருந்த பிரச்னை. அவை மிச்சமாயின, யந்திரம் விலைபோயிற்று. பிற்பாடு பியூசைரஸ் என்ற பெருங்கம்பெனி மோனிகனோடு கூட்டுச் சேர்ந்து, 1946-இல் அதை முற்றிலும் தன்னுள் இணைத்துக்கொண்டது.

இந்த வம்சத்தின் உச்சம் 1969-இல் ஒஹையோ மாகாணத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கிய பிக் மஸ்கி. அதன் எடை சுமார் 12,000 டன். வாளி ஒரே முறையில் 220 கன கெஜம் மண்ணை அள்ளும். அத்தனை பெரிய சரீரம் மின்சாரத்தால் இயங்கிக் கால்வைத்தே நடந்தது. 1991-இல் அது ஓய்ந்ததற்கு நடையின் குறை காரணமன்று. கந்தகம் மிகுந்த அவ்வட்டாரத்து நிலக்கரிக்குச் சந்தையில் கிராக்கி குறைந்ததே காரணம். நம் தேசத்திலும் சிங்ரௌலிச் சுரங்கங்களில், 24 கன மீட்டர் வாளியும் 96 மீட்டர் கைமரமும் கொண்ட ட்ராக்லைன்கள், ராஞ்சியின் அரசாங்கத் தொழிற்சாலையில் உருவானவை உட்பட, இதே நடையில் நகர்ந்து மண்ணைப் புரட்டியிருக்கின்றன. நடக்கும் யந்திரத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அவர்கள் எழுதுவதெல்லாம் மிருகத்தின் சாயலில் வந்த யந்திரங்களைப் பற்றியே. 1960-களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரால்ஃப் மோஷர், அமெரிக்க ராணுவத்துக்காக நான்கு கால் வண்டி ஒன்றைச் செய்தார். ஓட்டுபவரின் கைகள் முன்னங்கால்களையும் அவருடைய கால்கள் பின்னங்கால்களையும் இயக்கின. யந்திரம் எதிர்கொண்ட தடையை அவர் தம் கைகால்களிலேயே உணரலாம். அழகான யோசனைதான். ஆனால் நான்கு அவயவங்களையும் ஒவ்வோர் எட்டுக்கும் மனத்தால் ஆளவேண்டியிருந்ததால் ஓட்டுபவர் சில நிமிஷங்களிலேயே சோர்ந்துபோனார். அந்த வண்டி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கணிப்பொறி அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. பாஸ்டன் டைனமிக்ஸ் கம்பெனி அமெரிக்க மரைன் படை வீரர்களின் சுமையைத் தூக்கச் செய்த நான்கு கால் யந்திரம் சுமார் 180 கிலோ சுமந்து மேடுபள்ளங்களில் நடந்தும், அதன் எஞ்சின் இரைச்சல் வீரர்கள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் 2015-இல் கைவிடப்பட்டது.

ஆளில்லா விமானத்தின் வியாபார சரித்திரமோ ஜப்பானிய நெல்வயலில் தொடங்குகிறது. அங்கே 1958 முதல் ஆள் ஓட்டும் ஹெலிகாப்டர்கள் வயல்களுக்கு மருந்து தெளித்துவந்தன. ஆனால் ஜப்பானிய வயல்கள் சிறியவை. வயலை ஒட்டி வீடும், வீட்டை ஒட்டிப் பள்ளிக்கூடமும், இடையிடையே மின்கம்பிகளுமாக இருக்கும் அந்தப் பூமியில், உயரத்திலிருந்து பெய்த மருந்து அடுத்தவர் தோட்டத்திலும் குடியிருப்பிலும் விழுந்தது. தரையில் நின்று தெளிப்பதற்கோ, சேற்றில் குழாயை இழுத்துக்கொண்டு கோடை வெயிலில் நடக்கத் தெம்புள்ள வாலிபர்கள் கிராமங்களில் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆகவே அந்நாட்டு விவசாய விமானச் சங்கம் 1983-இல் யமஹா கம்பெனியிடம் ஆளில்லாத் தெளிப்பு யந்திரம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. நாலாண்டு முயற்சிக்குப் பிறகு, 1987-இல், 20 கிலோ சுமக்கும் ஆர்-50 என்ற சிறு ஹெலிகாப்டர் வந்தது.

பயிருக்குச் சில மீட்டர் உயரத்திலேயே அது பறந்ததால், இறக்கையின் காற்று இலைகளைப் புரட்டி மருந்தைத் தண்டின் அடிவரை கொண்டுசேர்த்தது. தத்துப்பூச்சிக்கு மருந்து சேரவேண்டிய இடம் அதுவே. ஆயினும் வரப்பில் நின்றபடி அதைக் கண்ணால் பார்த்தே ஓட்டுவது எளிய வித்தையன்று. யந்திரத்தின் நிலையைத் தானே சரிசெய்யும் கருவி 1995-இல் வந்தபிறகும், 1997-இல் ஆர்மேக்ஸ் என்ற பெரிய வடிவம் பிறந்தபிறகுமே இத்தொழில் ஊரெங்கும் பரவியது. சாதாரண விவசாயி தனியாக வாங்கக்கூடிய விலையல்ல அதன் விலை. கூட்டுறவுச் சங்கங்களும், கூலிக்குத் தெளிக்கும் தொழில்காரர்களும் வாங்கி, பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களைக் கொண்டு வயல்வயலாகப் போனார்கள். கணக்கு சரிப்பட்டதற்கு முக்கிய காரணம் இந்த ஏற்பாடே என்று நான் கருதுகிறேன். ஒரு யந்திரம் ஒரே வயலுக்குச் சொந்தமாக இருந்திருந்தால் வருஷத்தில் பெரும்பகுதி கொட்டகையில் தூங்கியிருக்கும். 2000-ஆம் ஆண்டில் ஹொக்கைடோவின் உசு எரிமலை சீறியபோது, மனிதர் நெருங்கமுடியாத அந்த வாயருகே சென்று பார்த்ததும் இதே வயல்காட்டு யந்திரந்தான். இப்போது மின்கலத்தால் பறக்கும் பலவிசிறி ட்ரோன்கள் அதைவிட மிகக் குறைந்த விலைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்துவருகின்றன.

மறுபடி நடக்கும் யந்திரத்துக்கு வந்தால், பாஸ்டன் டைனமிக்ஸ் கம்பெனியின் ஸ்பாட் என்ற நாற்கால் ரோபோ 2020-இல் 74,500 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் தளமொன்றிலும் பல தொழிற்சாலைகளிலும், மனிதக் காலுக்கென்றே அமைந்த இரும்புப் படிகளில் ஏறியிறங்கி, அளவுமானிகளைப் பார்த்து, கசிவையும் மிகுதியான சூட்டையும் கண்டறிவது அதன் பணி. சக்கர வண்டி ஏறமுடியாத இடம் அது. மனிதன் அடிக்கடி போவது அபாயமான இடமும்கூட. எனவே மார்ட்டின்சனின் பாதங்களுக்கு வாய்த்ததைப் போன்ற பூமி இதற்கும் வாய்த்திருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் ஒரு முறை நிரப்பிய மின்கலம் ஒன்றரை மணி நேரந்தான் தாங்கும். சுற்றிவரும் காவலாளின் சம்பளத்தையும், கண்ணுக்குத் தப்பிய ஒரு கசிவினால் தொழிற்சாலை நின்றுபோகும் நாளின் நஷ்டத்தையும் ஒருபுறம் வைத்து, இதன் விலையையும் பராமரிப்பையும் மறுபுறம் வைத்துப் பல வருஷங்களுக்குப் பார்க்க வேண்டிய கணக்கை, வாங்கிய முதலாளிகள் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.