வெட்டிய கையா, வெட்டுண்ட கையா?

'7ஆம் அறிவு' (2011) வந்த பிறகு எங்கள் ஊர் பொட்டிபுரம் பக்கத்திலும், சீனாவில் ஜென் மரபின் மூலகுருவாகக் கருதப்படும் போதிதர்மர் என்றால் சூர்யாவின் முகம்தான். போதிதர்மரின் சீடர் ஹுய்கேவின் இழந்த கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உடற்குறையை வென்ற வீரர்களைக் காட்டும் பழைய குங்ஃபூ படங்களைப் புரிந்துகொள்ள அந்தக் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஹுய்கே தன் கையைத் தானே வெட்டிக் குருவின் முன் வைத்தார் என்பதே நிலைத்துவிட்ட கதை. இதற்கு வலுவான வடிவம் கொடுத்தவர் து ஃபெய். ஏறத்தாழ 713இல் அவர் எழுதிய குருமரபு வரலாறு துன்ஹுவாங் குகைச் சுவடிகளில் கிடைத்தது. கள்வர்தாம் கையை வெட்டினர் என்ற முந்தைய செய்தியை அவர் பிழையென்று தள்ளுகிறார். 1004இல் தொகுக்கப்பட்ட 'விளக்கின் வழிமரபு' நூலில் ஹுய்கே பனியில் நின்ற காட்சியும் உண்டு. ஷாவோலின் துறவிகள் ஒற்றைக் கையால் வணங்குவதே ஹுய்கேவின் நினைவாகத்தான் என்று சொல்வதுண்டு. கண்ணப்பரை அறிந்த நம் மனமும் இந்தக் காணிக்கைக் கதைக்கு உடனே இசைந்துவிடுகிறது.

து ஃபெய்யின் திருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குருமரபின் பெருமையை நிலைநாட்ட எழுதியவர் அவர். காணிக்கைக் கதை அவருக்குத் தேவைப்பட்டது. கள்வர் கதையால் யாருக்கும் பெருமை இல்லை. புனைந்து சேர்க்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இருந்திருக்காது.

அந்தக் கள்வர் கதை இருப்பது சீனத் துறவி தாவோஷுவானின் 'உயர்ந்த துறவியர் வரலாறு: தொடர்ச்சி' நூலில். அது தரும் பாடம் இது. கள்வர் கையை வெட்டியதும் ஹுய்கே காயத்தைத் தீயால் சுட்டு, துணியால் சுற்றிக்கொண்டு வழக்கம்போல் பிச்சைக்குப் போனார், யாரிடமும் சொல்லவில்லை. பிறகு லின் என்ற துறவிக்கும் அதே கதி. அவர் இரவெல்லாம் அலறினார். ஹுய்கே அவருக்குக் கட்டுப்போட்டு, பிச்சையெடுத்து ஊட்டினார். ஹுய்கேவின் கை தடுமாறுவதைக் கண்டு லின் சினந்தார். அப்பம் எதிரேதான் இருக்கிறது, நீரே சுற்றிக்கொள்ளக் கூடாதா என்றார் ஹுய்கே. எனக்குக் கையில்லை என்பது தெரியாதா என்றார் லின். எனக்கும்தான் இல்லை என்று அப்போதுதான் ஹுய்கே வாய் திறந்தார்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். காயத்தைச் சுற்றுவதற்கும் அப்பத்தைச் சுற்றுவதற்கும் மூலத்தில் ஒரே வினைச்சொல், 'குவோ', வருகிறது. கட்டுப்போடுவதும் உணவு உண்பதும் ஒரே கைவேலையாகிவிடுகின்றன. கையில்லாதவனின் அன்றாடத்தை அறிந்தவரிடமிருந்து வந்த செய்தியாகவே இது எனக்குப் படுகிறது.

இப்போது படங்களுக்கு வருவோம். சாங் செ இயக்கிய 'ஒற்றைக்கை வாள்வீரன்' (1967) இவ்வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் தாய் என்பது வழக்கமான கணிப்பு. அதில் வலக்கையை இழந்தவன் பாதி எரிந்த சுவடியைக் கொண்டு இடக்கை வாள்வித்தை கற்கிறான். இழந்த கை தனியொருவனின் மேன்மைக்கு விலையாகிறது. இது து ஃபெய்யின் வழி. 1979இல் தைவானில் வந்த 'கிரிப்பிள்ட் மாஸ்டர்ஸ்' வேறு. கைகளற்றவராகவும் கால் சூம்பியவராகவும் நடித்த இருவரும் உண்மையிலேயே மாற்றுத்திறனாளிகள். கதையில் ஒருவன் மற்றவனின் கைகள் பறிபோகக் காரணமாயிருந்தவன். முதலில் பகை, பிறகு ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஒரே உடலாகப் போரிடுகிறார்கள். இது ஹுய்கே–லின் வழி. தாவோஷுவானின் ஏட்டிலிருந்து இந்தப் படம் வரை நேர்ச்சங்கிலி எதுவும் இல்லை. ஆயினும் உடற்குறையைத் தியாகமாக்குவது ஒரு மரபு, துணையாக்குவது இன்னொரு மரபு. இவற்றில் காலத்தால் முந்தியது இரண்டாவதுதான் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலக்கணக்கு முழுமையாகத் தீரவில்லை. தாவோஷுவானின் நூல் 645இல் உருவானாலும் 667இல் அவர் மறையும்வரை சேர்க்கைகள் தொடர்ந்தன. கள்வர் கையை வெட்டிய செய்தி அதில் எப்போது நுழைந்தது என்பதில் முடிவில்லை.

அந்த லின், தான்லின் என்பவரே என்று பல ஆய்வாளர்கள் கொள்கின்றனர். போதிதர்மரைத் தென்னிந்திய மன்னரின் மூன்றாம் மகன் என்று, அவருடைய போதனைகளுக்கான முன்னுரையில் எழுதியவர் இந்தத் தான்லின். காஞ்சிபுரம் அதில் இல்லை, தென்னாடு இருக்கிறது. போதிதர்மர் நம்மவர் என்ற உரிமைப் பேச்சுக்கெல்லாம் அடிப்படையான அந்த வரியை அவர் எழுதியது, அலறிய அந்த இரவுக்கு முன்பா, பின்பா?