ரப்பர் கொடுத்து வாங்கிய அரிசி: 1952 இலங்கை-சீன ஒப்பந்தம்

2021 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை 25.1 கோடி டாலர் பாக்கி வைத்திருந்தது. கையில் டாலர் இல்லை. அதனால் மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புக்குத் தேயிலையாக அனுப்பிக் கடனை அடைக்கலாம் என்று இரு நாடுகளும் ஒத்துக்கொண்டன. இந்தக் காலத்திலுமா பண்டமாற்று என்று எனக்கு ஆச்சரியம். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இலங்கைக்கு இது பழக்கமான வழி. 1952ல இதைவிடப் பெரிய பேரம் ஒன்று நடந்திருக்கு.

அன்றைய இலங்கை சுதந்திரமடைந்து நாலு வருஷம்தான் ஆன நாடு. தேயிலை, ரப்பர், தேங்காய் மூன்றையும் விற்றுத்தான் வண்டி ஓடியது. சாப்பிடும் அரிசியில் பாதிக்கு மேல் இறக்குமதி. 1950ல கொரியப் போர் தொடங்கியதும் அமெரிக்கா ரப்பரை வாங்கிக் குவிக்க, விலை பல மடங்கு ஏறியது. அந்தப் பணத்தில் இலங்கை கொஞ்ச நாள் சௌகரியமாக இருந்தது. அப்புறம் அமெரிக்கா கொள்முதலைக் கட்டுப்படுத்தி, செயற்கை ரப்பர் உற்பத்தியையும் கூட்டியது. 1951க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்தது. அதே சமயம் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு, விலை ஏற்றம். விற்கிற பொருள் மலிவு, வாங்குகிற பொருள் கிராக்கி.

அரசியலிலும் நெருக்கடி. 1952 மார்ச்சில் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க இறந்துபோக, அவர் மகன் டட்லி பிரதமரானார். மே மாதத் தேர்தலில் ஜெயித்தார். ரேஷன் அரிசி ஒரு கொத்து 25 சதம் என்பதுதான் அந்த ஆட்சியின் முக்கிய வாக்குறுதி. (கொத்து என்பது அங்கே அளக்கிற படி. அரிசி என்றால் ஏறக்குறைய 2 பவுண்டு எடை.)

அமெரிக்காவிடமும் பேசிப் பார்த்தார்கள். ரப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் தர அவர்கள் தயாராக இல்லை. சீனா தயாராக இருந்தது. காரணம், கொரியப் போரில் சீனா இறங்கியதால் 1951 மே மாதம் ஐ.நா. அதன் மேல் வர்த்தகத் தடையைப் பரிந்துரைத்திருந்தது. மலேயா ரப்பரும் சீனாவுக்குப் போவது நின்றுவிட்டது. லாரி டயருக்கு ரப்பர் வேண்டும், விற்க ஆளில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினர் இல்லை. உறுப்பினராகக் கேட்டு விண்ணப்பித்தபோது சோவியத் யூனியன் வீட்டோ போட்டுத் தடுத்திருந்தது. 1955 டிசம்பரில்தான் உள்ளே போக முடிந்தது. ஆக, அந்தத் தடைத் தீர்மானம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல இலங்கைக்கு இடம் இருந்தது!

டட்லியின் ஐக்கிய தேசியக் கட்சி கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் கட்சி. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பெய்ஜிங் போனார். 1952 டிசம்பர் 18ல ஐந்து வருஷ ஒப்பந்தம் கையெழுத்தானது. வருஷத்துக்கு இலங்கை 50,000 டன் ரப்பர் தர வேண்டும், சீனா 2,70,000 டன் அரிசி தர வேண்டும். முதல் வருஷ விலை, ரப்பர் ஒரு பவுண்டு எடைக்கு 32 பென்ஸ், அரிசி டன்னுக்கு 54 ஸ்டெர்லிங். இந்த ரப்பர் விலை சந்தை விலையைவிட நன்றாகவே கூடுதல்.

எனக்கு எண்களைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. போட்டுப் பார்த்தேன். 50,000 டன் ரப்பர், பவுண்டு எடைக்கு 32 பென்ஸ் என்றால் சுமார் 1.47 கோடி ஸ்டெர்லிங். 2,70,000 டன் அரிசி, டன் 54 என்றால் சுமார் 1.46 கோடி. இரண்டு தட்டும் கிட்டத்தட்ட சமம். விலையைப் பவுண்டில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பண்டமாற்றுக் கணக்குதான். ஒரு டன் ரப்பருக்கு 5.4 டன் அரிசி. அந்நியச் செலாவணி பற்றிய கவலையில் பெரிய பங்கு இதிலேயே தீர்ந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. சீனாவுக்குப் போர்த்தளவாட முக்கியத்துவம் உள்ள பொருளை விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்பது அமெரிக்கச் சட்டம். 1956ல்தான் அமெரிக்காவோடு பொருளாதார உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதுவரை படித்தபோது இது ஒரு சின்ன நாட்டின் சாமர்த்தியக் கதை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒப்பந்தம் போட்டு எட்டு மாதம்கூட ஆகாமல், 1953 ஆகஸ்ட் 12ல இலங்கையே ஸ்தம்பித்தது. அரிசி விலைக்காக நடந்த ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடியது. அக்டோபரில் டட்லி ராஜினாமா செய்தார். அரிசிதான் வந்துகொண்டிருக்கே, அப்புறம் எதுக்குக் கலவரம்?

மறுபடியும் கணக்குதான். அன்று ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு இலங்கை ரூபாயில் 13.33. டன் 54 ஸ்டெர்லிங் என்றால் 720 ரூபாய். ஒரு டன்னில் சுமார் 1,100 கொத்து. அப்படியானால் ஒரு கொத்து 65 சதம், அதுவும் கப்பல் கூலி சேர்க்காமல். ரேஷன் கடையில் விற்றது 25 சதத்துக்கு. கொத்துக்குக் குறைந்தது 40 சதத்தை அரசே போட வேண்டும். சீனா தர வேண்டிய 2,70,000 டன்னும் இப்படிப் போனால் வருஷத்துக்குச் சுமார் 12 கோடி ரூபாய்.

இந்த 12 கோடியைச் சீனா தராது. அது உள்நாட்டு வரியிலிருந்து வர வேண்டிய ரூபாய். அந்த வரியில் பெரும் பங்கு ஏற்றுமதித் தீர்வை. ஏற்றுமதி விலை சரிந்தால் அதுவும் சரியும். ஆக நோய் ரெண்டு. ஒன்று, வெளியே கொடுக்கப் பணம் இல்லாதது. இன்னொன்று, பட்ஜெட்டில் விழுந்த ஓட்டை. ஒப்பந்தம் முதலாவதுக்குத்தான் மருந்து.

ரெண்டாவதுக்கு நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தன 1953 ஜூலையில் கொடுத்த மருந்து, ரேஷன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. கப்பல் கூலியும் சேர்த்தால் ஏறக்குறைய அடக்க விலை. கூடவே பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவை நிறுத்தினார்கள், ரயில், தபால் கட்டணங்களைக் கூட்டினார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் ஒரு வருஷம் முன்னாடி 25 சதம்னு சொல்லி ஓட்டு வாங்கிட்டு ஒரே நாளில் மூணு மடங்குக்கு அருகில் ஏற்றினால் யார் சும்மா இருப்பார்கள்? இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலுக்குத் தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது.

ஒப்பந்தத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது நல்ல ஒப்பந்தம். 1957ல புதுப்பித்தபோது ரப்பருக்கான கூடுதல் விலை போய், அதற்குப் பதிலாக ரப்பர் மறுநடவுக்குச் சீன உதவி வந்தது. ஐந்தைந்து வருஷமாக நீண்டு 1982 வரை ஓடியது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். வெளிநாட்டோடு போடும் பேரம் எவ்வளவு சாமர்த்தியமானதாக இருந்தாலும், உள்ளூரில் யார் தலையில் எவ்வளவு சுமை என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கும்.

ஈரான் தேயிலைக்கும் இது பொருந்தும். டாலர் தேவைப்படாமல் போகலாம். தேயிலை கொடுத்தவருக்கு ரூபாயை இலங்கைதான் எண்ணி வைக்க வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு ஒப்பந்தச் செய்தி வந்தால், அந்த ரூபாய் எங்கிருந்து வரப்போகிறது என்றுதான் நான் முதலில் தேடுவேன்.