ஃபிரேம் அளவு (உயரமானவர்களுக்கான சாலை சைக்கிள்)

மரபாக இது சீட் குழாயின் நீளம், சென்டிமீட்டரில் சொல்லப்படும். ஆளின் உயரத்தைவிட உள்கால் நீளமே இங்கு முக்கியம். அதை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் உயரம் கிடைக்கும் என்பது சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு: 94 செ.மீ. காலுக்குச் சுமார் 83 செ.மீ.

மேல்குழாய் சரிந்த ஃபிரேம்கள் பரவியபின் சீட் குழாயின் அளவை மட்டும் நம்பினால் ஏமாறலாம். கிராங்க் அச்சிலிருந்து முன்குழாயின் உச்சி எவ்வளவு மேலே (ஸ்டாக்), எவ்வளவு முன்னே (ரீச்) இருக்கிறது என்பதே மெய்யான அளவு. நெட்டையர்களைப் பெரும்பாலும் படுத்துவது ஸ்டாக்தான். சிறிய ஃபிரேமை வாங்கிச் சீட்டை மட்டும் உயர்த்தினால் ஹேண்டில்பார் வெகு கீழே தங்கிவிடும். கழுத்தும் முதுகும் வலிக்கும். சீட் கம்பத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி இழுப்பது ஆபத்து. குட்டைக்கால், நீள உடல் கொண்ட நெட்டையர் ரீச்சைப் பார்த்தே வாங்க வேண்டும்.