பிரியாத பங்கு: 50ஆம் பிரிவுக்கு ஓர் உரை

மரக்காணம் உப்பளங்களில் தை, மாசியில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். பாத்திக்குப் பாத்தி நீர் மாறி, வெயிலில் சுண்டி, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரியை ஒட்டி வரும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. 29, 30 தாண்டினால் மக்னீசியம் மிகுந்து கசப்பேறிவிடும். எப்போது நீரைத் திறப்பது, எப்போது வாருவது என்பதைப் பாத்தியின் நிறத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் உண்டு.

அப்படி ஒருவரிடம் ஒரு பருவம் முழுக்கப் பாடம் கேட்டு, நான்கு கல்லூரி மாணவர்கள் டிகிரியை அளந்து கைப்பேசிக்குச் சொல்லும் மிதவைக் கருவி ஒன்றைச் செய்ததாக வைத்துக்கொள்வோம். கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்து, நால்வர் பேரிலும் காப்புரிமையும் வந்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் படிக்க வேண்டியது, காப்புரிமைச் சட்டம் 1970இன் 50ஆம் பிரிவு. ஆறே உட்பிரிவுகள். பழைய உரைகாரர்கள் நூற்பாவைப் பிரித்ததுபோல் பிரித்துப் பார்க்கலாம். மூலத்தின் கருத்தை என் தமிழில் தருகிறேன்.

*முதல் உட்பிரிவு: ஒன்றுக்கு மேற்பட்டவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டால், வேறு உடன்படிக்கை இல்லாத வரை, ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத சமபங்கு உண்டு.*

'பிரிக்கப்படாத' என்ற சொல்லைக் கூட்டுப் பட்டா வைத்திருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. நிலம் முழுவதும் எல்லோருக்கும். ஆனால் கிழக்கு மூலை எனது என்று ஒருவரும் வேலி போட முடியாது. 'சம' என்பதுதான் இன்னும் கடுமை. ஒருத்தி இரவெல்லாம் சர்க்யூட் போட்டிருப்பாள். ஒருவன் அறிக்கையைத் தட்டச்சு செய்ததோடு நின்றிருப்பான். சட்டத்தின் தராசில் ஆளுக்குக் கால்பங்கு.

'வழங்கப்பட்டவர்' யார்? பதிவேட்டில் பெயருள்ளவர். பாத்தி வரப்பில் நின்று பாடம் சொன்ன பெரியவர் அங்கே இல்லை. அவர் சொன்னது ஊரறிந்த பழக்கம் என்றால், 3ஆம் பிரிவின் விலக்குப் பட்டியல் மரபறிவைக் கண்டுபிடிப்பாகவே கொள்ளாது. நல்ல விலக்குதான், யாரும் அதைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. ஆனால் அந்த அறிவைக் கேட்டுச் செய்த கருவி சொத்தாகிவிடுகிறது, சொன்னவருக்கு ஒன்றுமில்லை. இந்த இடம் எனக்கு உறுத்துகிறது. வருமானத்தில் ஒரு பகுதி அவருக்கு என்று நால்வரும் எழுதிக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை.

கண்டுபிடிப்பைக் கல்லூரி தன் பேருக்கு எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பிரிவுக்கே வேலையில்லை. லாரி பேஜ் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது உருவாக்கிய பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பேரில்தான் இருந்தது. கூகுள் உரிமம் பெற்றுத் தொழில் செய்தது. அதற்கு ஈடாக வாங்கிய பங்குகளை விற்று ஸ்டான்ஃபோர்டு பெற்றது ஏறக்குறைய 33.6 கோடி டாலர்.

*இரண்டாம் உட்பிரிவு: ஒவ்வொருவரும் தன் நன்மைக்காகக் காப்புரிமையைத் தானே பயன்படுத்தலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மூன்றாம் உட்பிரிவு: மற்றவர் சம்மதமின்றி எவரும் உரிமம் வழங்கவோ தன் பங்கை எழுதிக் கொடுக்கவோ முடியாது.*

இவ்விரண்டையும் சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும். தனித்தனியே படித்தால் இரண்டும் நியாயமாகவே தோன்றும். நால்வரில் ஒருவன் வீட்டில் பட்டறை இருக்கிறது. அவன் ஆயிரம் கருவி செய்து மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் விற்கலாம். மற்ற மூவருக்கு ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. சர்க்யூட் போட்டவளுக்குப் பட்டறை இல்லை, முதலும் இல்லை. அவள் காசு பார்க்க ஒரே வழி, செய்யக்கூடிய ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுப்பது. அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும், பட்டறைக்காரனுடையதும் சேர்த்து. தனக்குப் போட்டியை வரவழைக்க அவன் ஏன் கையெழுத்துப் போடுவான்? சமபங்கு என்று தொடங்கிய பிரிவு, மூன்றாம் வரிக்குள் முதல் உள்ளவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

இங்கே ஒரு தடை எழும்: நண்பர்கள்தானே, இப்படியெல்லாம் செய்வார்களா? விடை: காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதற்குள் வேலை, கல்யாணம், வெளிநாடு.

இன்சுலின் கதையை இந்த இடத்தில் வேறு விதமாகப் படிக்கலாம். 1921இல் டொரான்டோவில் மருத்துவர் பான்டிங்குடன் இன்சுலின் ஆய்வில் இறங்கியபோது சார்லஸ் பெஸ்ட் மாணவர். 1923 ஜனவரியில் பான்டிங், பெஸ்ட், உடன் உழைத்த உயிர்வேதியியலாளர் காலிப் மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். தியாகம் என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அதன் நடைமுறைப் பயனையும் பார்க்க வேண்டும்: மூன்று கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்றானது. யாருக்கு உரிமம், எந்தத் தரத்தில் தயாரிப்பு என்பதை ஓரிடத்திலிருந்து முடிவு செய்ய முடிந்தது. கருவியை இலவசமாகப் பகிர நினைத்தால் நம் நால்வருக்கும் இது பொருந்தும். எல்லா உப்பளத்துக்கும் சும்மா கொடுப்போம் என்று மூவர் சொன்னாலும், நான்காமவர் சம்மதிக்காமல் அந்த அனுமதி செல்லாது.

*நான்காம் உட்பிரிவு: ஒருவரிடம் பொருளை வாங்கியவர், தனி உரிமையாளரிடம் வாங்கியவர் போலவே கையாளலாம்.* உப்பள முதலாளிக்குக் கவலையில்லை என்று பொருள். *ஐந்தாவது: அசையும் சொத்துக்கான பொது விதிகளே இதற்கும்.* வாரிசுக்குப் போகும். *ஆறாவது,* இச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் உண்டான சில உரிமைகளைக் காப்பது, நமக்கு வேலையில்லை.

ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அல்லது காணாமலே போனால்? அடுத்த 51ஆம் பிரிவைப் புறனடையாகக் கொள்ளலாம். காப்புரிமைக் கட்டுப்பாட்டாளரிடம் முறையிட்டால், எதிர்த்தரப்பையும் கேட்டு அவர் உத்தரவிடலாம். அந்த உத்தரவை நிறைவேற்ற எழுத்தில் கேட்டு 14 நாளில் ஒருவர் கையெழுத்திடாவிட்டால், அவர் சார்பில் இட வேறொருவருக்கு அதிகாரம் தரலாம். ஆனால் உரிமையாளர்களுக்குள் ஏற்கெனவே உள்ள உடன்படிக்கைக்கு முரணாக அவர் உத்தரவிட முடியாது. சட்டம் திரும்பத் திரும்ப ஒரே வாசலைத் திறந்து வைக்கிறது: 'வேறு உடன்படிக்கை இல்லாத வரை'. பங்கு சமமாக வேண்டாமா, கணக்குக் காட்ட வேண்டுமா, இரண்டு பேர் சம்மதித்தால் உரிமம் கொடுக்கலாமா, எல்லாவற்றையும் ஒரு தாளில் மாற்றிவிடலாம். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்க 1,600 ரூபாய். இந்தத் தாளை எழுத அந்த விண்ணப்பத்துக்கு முந்திய வாரமே நல்ல வேளை. விலைக்குக் கேட்டு ஆள் வந்தபின் எழுத உட்கார்ந்தால் நால்வருக்கும் நான்கு மாமாக்கள் கூட வந்து உட்காருவார்கள்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் வேண்டும். காப்புரிமையை உயிரோடு வைக்க மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. தனிநபருக்கு ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய், பிறகு ஏறிக்கொண்டே போகும். நால்வரில் அதை யார் கட்டுவது என்று 50ஆம் பிரிவு சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் மற்றவர் கட்டியிருப்பார் என்று விட்டுவிட்டால், பட்டறைக்காரன், சர்க்யூட் போட்டவள் என்ற வித்தியாசம் இல்லாமல் நால்வருக்கும் ஒரே நாளில் அது காலாவதியாகும்.